சேர்வர் சிங்கப்பூரில், கோல் சிலாபத்துக்கு

பேக்கப் வேலை பார்க்கிற ஆளை ஒருவரும் நல்ல நாளில் போனில் கூப்பிடுவதில்லை. எல்லாம் ஒழுங்காக ஓடும்வரை நாம் இருக்கிறோமா இல்லையா என்பதே யாருக்கும் தெரியாது. ஏதாவது அழிந்துபோனால்தான் நம்முடைய நம்பரைத் தேடுவார்கள். இதே தொழிலில் கிடந்து மாரடிக்கிற உங்களுக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை.

இலங்கையில் யுத்தம் முடிந்து சில வருஷங்களில் எங்கள் கரையோரத்திலும் இறால் பண்ணை, லொட்ஜ், ஐஸ் தொழிற்சாலை என்று எல்லாரும் கணினிக்கு மாறினார்கள். பிறகு அந்தக் கணினியையும் தூக்கி வைத்துவிட்டு, சிங்கப்பூரில் யாரோ ஒருவருடைய கட்டடத்தில் ஓடுகிற சேர்வரை வாடகைக்கு எடுத்தார்கள். அதற்குள் இருக்கிறதை நாளாந்தம் பிரதி எடுத்து வைப்பதும், தொலைந்தால் மீட்டுக் கொடுப்பதும் எங்கள் வேலை. சிலாபத்தில் ஒரு மருந்துக்கடையின் மேல்மாடியில் கந்தோர். நானும் ரிஸ்வானும், இரண்டே பேர். ஒன்பது வருஷம் அங்கே இருந்தேன். அதில் ஞாபகம் இருக்கிற சிலதைச் சொல்கிறேன்.

பதினான்கு மாதமும் பச்சை

முந்தலில் செபஸ்தியான் என்பவருக்கு ஓர் இறால் பண்ணை இருந்தது. ஒவ்வொரு குளத்திலும் தண்ணீரின் உப்பு எவ்வளவு, எவ்வளவு தீனி போட்டது, எத்தனை இறால் செத்தது என்று தினமும் சேர்வரில் பதிவார்கள். ஒரு திங்கட்கிழமை, மென்பொருள் போட்டுக் கொடுத்த ஆட்கள் எதையோ திருத்தப் போய்ச் சேர்வரையே அழித்துவிட்டார்கள். நான் பதறவில்லை. பதினான்கு மாதமாக ஒவ்வொரு காலையும் எங்கள் திரையில் அந்தப் பண்ணைக்குப் பிரதி எடுத்தாயிற்று என்று பச்சை அடையாளம் விழுந்துகொண்டுதான் இருந்தது. அரை மணித்தியாலத்தில் மீட்டு, பெருமையாகத் திறந்து பார்த்தேன். மென்பொருள் இருந்தது. உள்ளே ஒரு வரிப் பதிவும் இல்லை.

அந்தச் சேர்வரில் இரண்டு டிஸ்க். பதிவுகள் எல்லாம் பிறகு சேர்த்த இரண்டாவது டிஸ்க்கில் இருந்திருக்கின்றன. நான் பிரதி எடுக்கச் சொல்லி வைத்திருந்தது முதலாவதை மட்டும். சொன்ன வேலையைச் சரியாகச் செய்ததால் அது பச்சை காட்டியது, அவ்வளவுதான். பிழை என்னுடையது. போனில் சொல்ல மனம் வரவில்லை, பஸ் ஏறி முந்தலுக்கே போனேன். வியாழக்கிழமை ஏற்றுமதிக்காரர் வர இருந்தார். அந்தப் பருவத்துப் பதிவு இல்லாவிட்டால் அவர் இறாலைத் தொடமாட்டார். செபஸ்தியான் என்னை ஏசவில்லை. ஏற்றுமதிக்காரருக்கு எதைக் காட்டுவது என்று மட்டும் கேட்டார். அது ஏச்சைவிட மோசம்.

குளத்தில் அளவு பார்க்கிற அந்தோனி அண்ணன்தான் என்னைத் தீனிக் கொட்டிலுக்குக் கூட்டிப்போனார். கொட்டிலின் நாலு பக்கமும் வெற்றுத் தீனிச் சாக்குகளை விரித்துக் கட்டியிருந்தது. சாக்குகள் முழுக்க மார்க்கர் பேனாவில் எழுத்து. அளவைப் பதிகிறவருக்குப் போனில் சொல்லுமுன் அவர் சாக்கில் எழுதிக்கொள்வாராம். அந்தப் பருவத்துப் பதிவு முழுவதும் அங்கே தொங்கியது. மூன்று நாள் சாக்கைப் பார்த்துப் பார்த்துத் தட்டச்சு செய்தோம். இரண்டு சாக்கைப் பக்கத்து வீட்டில் கோழிக்கூட்டுக்கு மறைப்பாகக் கட்டியிருந்தார்கள், அதையும் போய் வாசித்தோம். வியாழக்கிழமை வந்தவர் இறாலை எடுத்தார். இவ்வளவு ஒழுங்காக எப்படி எழுதினீர்கள் என்று அந்தோனி அண்ணனிடம் கேட்டேன். "நான் எழுதினா பச்சை லைட் ஒண்டும் எரியாது மிஸ். அதால எழுதினது சரியா இருக்கா எண்டு ஒவ்வொரு நாளும் திரும்பிப் பாத்திட்டுத்தான் போவன்."

கரண்ட் இல்லாத வருஷம்

ஒரு வருஷம் அட்டவணை போட்டுக் கரண்டை வெட்டினார்களே, ஞாபகம் இருக்குமே. அந்த நாட்களில் சிலாபத்து ஐஸ் தொழிற்சாலை மனேஜர் தினமும் கோல் எடுப்பார். சேர்வர் விழுந்துவிட்டதா என்று கேட்பார். இல்லை, அது சிங்கப்பூரில் நன்றாக ஓடுகிறது, உங்கள் பக்கம்தான் கரண்ட் இல்லை என்பேன். ஒரு நாள் பின்னால் ஐஸ் கட்டிகளிலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம் எனக்கே கேட்டது. லொறிகள் காத்து நின்றன. யாருக்கு எத்தனை கட்டி என்ற பட்டியல் சேர்வரில் இருந்தது. எங்கள் பக்கத்துக்கு அப்போது கரண்ட் இருந்ததால் நான் பார்த்து வாசிக்க, அவர் கையால் எழுதி லொறிகளை அனுப்பினார். கடைசியில் மூச்சு விட்டுச் சொன்னார்: "அப்ப எங்கட டேட்டா அங்க ஏசிக்குள்ள இருக்குது, நாங்களும் ஐசும்தான் இங்க உருகிறோம், அப்பிடித்தானே மிஸ்?"

கண்டக்குழிக்கு வந்த நாலு வேன்

கண்டக்குழியில் ரொஷானும் அவர் மனைவி மரீனா அக்காவும் ஒரு லொட்ஜ் நடத்தினார்கள். காற்றுக் காலத்தில் பட்டம் பிடித்துக்கொண்டு கடலில் சறுக்க வெளிநாட்டுக்காரர் வருவார்கள், அறை கிடைக்காது. ஒரு வெள்ளிக்கிழமை ரொஷான் தன் சேர்வர்ப் பட்டியலைத் துப்புரவாக்க இறங்கினார். 'லொட்ஜ்' என்று ஒன்று, 'லொட்ஜ் புதுசு' என்று ஒன்று. பழையது எதற்கு என்று முதலாவதை அழித்துவிட்டார். வேலை செய்துகொண்டிருந்தது அதுதான். புதுசு என்பது யாரோ பரீட்சித்துப் பார்த்துவிட்டுக் கைவிட்டது.

தனக்குக் கிழமைக்கு ஒரு பிரதி போதும் என்று முன்பே சொல்லியிருந்தார். கடைசிப் பிரதி செவ்வாய்க்கிழமை. அதை மீட்டுக் கொடுத்தேன். ஆனால் புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளில் அறை எடுத்தவர்களின் பெயரும் இல்லை, ஈமெயிலும் இல்லை. யார் வருவார்கள், எத்தனை பேர் என்று ஒருவருக்கும் தெரியாது. வந்தவரைத் திருப்பி அனுப்பினால் லொட்ஜின் பெயர் கெட்டுவிடும் என்று ரொஷான் அழாத குறை. மரீனா அக்கா ஒரு முடிவு எடுத்தா. வேனில் வந்து இறங்குகிறவர்களுக்கு முதலில் இளநீர், பிறகு சோறும் பொரித்த மீனும், பிறகு அறை, கேள்வி எல்லாம் கடைசியில்.

சனிக்கிழமை நாலு வேன் வந்தது. நாலையும் வரவேற்றார்கள். நான் போன் பக்கத்திலேயே இருந்தேன், ஒரு முறைப்பாடும் வரவில்லை. தப்பினோம் என்று நினைத்தேன். ஞாயிறு காலை தெரியாத நம்பரிலிருந்து கோல். அடுத்த வளவு லொட்ஜ்காரர். நாலு வேனில் இரண்டு அவருக்கு வரவேண்டியவை. மத்தியானத்திலிருந்து ரோட்டில் நின்று வழி பார்த்திருக்கிறார். சாப்பிட்டு உறங்கிய சனமோ எழும்பி இங்கேயே இருக்கிறோம் என்கிறதாம். "நீங்கதான் ரொஷானுக்குத் தொலைஞ்சத மீட்டுக் குடுக்கிற மிஸ் எண்டு சொன்னாங்க. அவங்கட ஆக்களை மீட்டுக் குடுங்க, எங்கட ஆக்களை மீட்காதீங்க!"

மூன்று பாத்திமாக்கள்

புத்தளத்தில் ஒரு சின்ன இரத்தப் பரிசோதனை நிலையம். பொறுப்பாக இருந்தவ ஜெஸீமா தாத்தா; அங்கத்தைய முஸ்லிம் சனம் அக்காவைத் தாத்தா என்பார்கள். அங்கே ஒருத்தி, ஒரே ஆளுக்கு இரண்டு கோப்பு இருக்கக்கூடாது என்று ஒரே பெயர் உள்ளவற்றை எல்லாம் ஒன்றாகச் சேர்த்துவிட்டா. எங்கள் பக்கத்தில் ஒரே பெயரில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும். மூன்று பாத்திமாக்கள் ஒரு பாத்திமா ஆனார்கள். மறுநாள் காலை டொக்டர், அதில் ஒருவருக்கு ஒப்பரேஷன் என்று ரிப்போர்ட் கேட்டார். எடுத்தால் ஒரே ஆளுக்கு இரண்டு இரத்த வகை.

டேட்டாபேஸில் நடந்த ஒவ்வொன்றும் பதிவாகும், வேண்டிய நிமிஷத்துக்குத் திருப்பிப் போகலாம். எத்தனை மணிக்குச் சேர்த்தது என்று கேட்டேன், ஜெஸீமா தாத்தா "நேத்து பத்தே கால்" என்றா. நான் நேற்றைய தேதி போட்டு, பத்து பத்துக்குத் திருப்பு என்று கொடுத்தேன். ஐம்பது நிமிஷம் எடுத்தது. திறந்தால் கோப்புகள் சேர்ந்தேதான் இருந்தன. பத்து மணி என்று கொடுத்தேன். இன்னும் ஐம்பது நிமிஷம். அப்போதும் ஒரே பாத்திமா. பிரதி எல்லாம் பழுதோ என்று நினைத்தேன். ரிஸ்வான் பின்னால் வந்து நின்று பார்த்துவிட்டு, "இது ஆர்ட மணி?" என்றான். அப்போதுதான் விளங்கியது. திரையில் நேரம் போடுகிற பெட்டி கேட்டது நம்முடைய மணியை அல்ல, கிரீனிச் மணியை. நாம் அதற்கு ஐந்தரை மணித்தியாலம் முந்தி. நான் இரண்டு தடவையும் பின்னேரம் மூன்று நாற்பதுக்கும் மூன்றரைக்கும்தான் திருப்பியிருக்கிறேன். எல்லாம் குழம்பி முடிந்த பிறகு.

கழித்துப் பார்த்து மூன்றாம் தடவை கொடுத்தேன். இந்தமுறை மூன்று கோப்பும் தனித்தனியாக வந்தன. எங்கள் பாத்திமாவுக்கு ஓ பொசிட்டிவ். உடனே ஜெஸீமா தாத்தாவுக்குக் கோல் எடுத்துச் சொன்னேன். "ஓம் மிஸ், ஓ பொசிட்டிவ்தான்" என்றா அமைதியாக. உங்களுக்கு எப்படித் தெரியும் என்றேன். அந்தப் பெண்ணின் கணவர் உப்பளத்தில் வேலை செய்கிறவர், காலையிலிருந்து அங்கே வாங்குப் பலகையில் இருந்தாராம். இரண்டாம் ஐம்பது நிமிஷம் முடிந்ததும் எழும்பி வந்து அவர் சொன்னதை அப்படியே எனக்குச் சொன்னா: "அவட ரத்தம் இன்னும் அவட ஒடம்புலதானே இரிக்கி. அத ஒருத்தரும் அழிக்கல்லயே. இன்னொருக்கா எடுத்துப் பாத்தா என்ன?"

அலுமாரிக் கதவு

வடக்கிலிருந்து வெளியேறிப் புத்தளம் பக்கம் குடியேறிய குடும்பங்களின் காணி உறுதிப் பத்திரங்களைப் படமெடுத்துச் சேர்த்து வைக்கிற ஒரு சங்கம் எங்கள் வாடிக்கையாளராக இருந்தது. யுத்தம் முடிந்ததும் பலர் பழைய காணியைத் தேடிப் போகத் தொடங்கினார்கள். அசல் உறுதி தொலைந்தவர்களுக்கு அந்தப் படம் ஒன்றுதான் ஆதாரம். ஒரு நாள் சேர்வருக்குள் வைரஸ் புகுந்து எல்லாவற்றையும் பூட்டிவிட்டது. எங்கள் பிரதி பத்திரமாக இருந்தது. ஆனால் அதைத் திறக்கப் பாஸ்வேர்ட் வேண்டும். அதை வைத்தவர் முந்திய செயலாளர் நௌபர். அவர் கட்டாரில் லொறி ஓட்டுகிறார். அடுத்த கிழமை ஒரு விதவைப் பெண்ணுக்குக் காணி விசாரணை.

கட்டாருக்குக் கோல் எடுத்தோம். இருபத்துநாலு எழுத்து, மனதில் இல்லை, வீட்டு அலுமாரிக் கதவின் உட்பக்கம் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன் என்றார். நானும் சங்கத் தலைவர் ஹாஜியாரும் கற்பிட்டியில் அவர் வீட்டுக்குப் போனோம். மனைவி ஹமீதா அலுமாரியைத் திறந்து காட்டினா. உள்ளும் புறமும் பளபளவென்று புதுப் பெயின்ட். பெருநாளுக்கு மாமியார் ஆள் பிடித்து அடிப்பித்ததாம். ஹாஜியார் தலையில் கை வைத்துக்கொண்டு கதிரையில் இருந்துவிட்டார்.

"அந்த இங்கிலீஷ் எழுத்துத்தானே?" என்றா ஹமீதா. கண்ணை மூடிக்கொண்டு சொல்லத் தொடங்கினா. பெரிய கே, ஏழு, சின்ன எம், இன்னொரு சின்ன எம், ஒரு நட்சத்திரம், ஒரு வட்டம்... கொண்டுபோன மடிக்கணினியில் நான் தட்டினேன். திறக்கவில்லை. மறுபடி சொன்னா, ஒரு எழுத்தும் மாறவில்லை. அந்த வட்டம் பூச்சியமா, எழுத்தா என்று கேட்டேன். அது தெரியாது, வட்டம் என்றா. பூச்சியத்தை எடுத்துவிட்டு எழுத்தைப் போட்டேன். திறந்தது. உறுதிகள் ஒவ்வொன்றாகத் திரையில் வந்தன. ஹாஜியார் அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தார். நாங்கள் போய் அந்தப் பெண்ணுக்கு உறுதியின் பிரதியைக் கொடுத்தோம், விசாரணையும் நல்லபடி முடிந்தது. அதெல்லாம் பிறகு. அன்றைக்கு வாசலில் செருப்பைப் போடும்போது, எப்படி இதைப் பாடமாக்கினீர்கள் என்று ஹமீதாவிடம் கேட்டேன். "அவர் போய் மூணு வருஷம் மிஸ், எல்லாம் போன்ல கதைதான். அவர்ட கையெழுத்து எண்டு ஊட்டுல இருந்தது அது மட்டுந்தான். உடுப்பு எடுக்கக்குள்ள எல்லாம் வாசிப்பன். பெயின்ட் அடிச்ச அண்டைக்கு நான் ஊட்டுல இருந்திருந்தா விட்டிருக்க மாட்டன்."

மொத்தத்தில், ஒன்பது வருஷம் இந்தத் தொழிலில் இருந்தும் நான் ஒருவருக்கும் புதிதாக ஒன்றும் செய்து கொடுத்ததில்லை, அவர்களிடம் நேற்று இருந்ததை இன்றைக்குத் திருப்பிக் கொடுத்ததற்கே நன்றியும் ஏச்சும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கிறேன்.