மச்சாள் வாங்கிய ஜேர்மன் சிந்தசைசர்

எங்கள் இசைக்குழுவில் கீபோட் வாசித்தவள் நான். அண்ணாவைக் கட்டிக்கொண்டு மச்சாள் ஜேர்மனியிலிருந்து ரொறன்ரோவுக்கு வரும்வரை அந்த இடத்துக்குப் போட்டியே இருக்கவில்லை. மச்சாளும் கீபோட் வாசிப்பவர்; வந்ததும் குழுவில் சேர்ந்துவிட்டார்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. பேப்பரில் அந்த விளம்பரத்தை முதலில் கண்டதும் நான்தான். சிந்தசைசர், அதாவது விதம்விதமான ஒலிகளை மின்சாரத்தில் உருவாக்கும் கீபோட்; ஜேர்மன் தயாரிப்பு, நீல முகப்பு, பழையது.

"உந்தப் பழசை ஆர் வாங்குவினம்?" என்று பேப்பரை மேசையில் போட்டேன்.

மச்சாள் அதை எடுத்து வாசித்தார். சனிக்கிழமை அண்ணாவுடன் பக்கத்து ஊரான அஜக்ஸுக்குப் போய் வாங்கி வந்துவிட்டார்.

ஒத்திகையில் அதன் கதையையும் சொன்னார்.

"ஒரு மனுசன் சின்ன வேலைத்தலத்திலை தொடங்கின கொம்பனி. விதம்விதமான ஒலியலைகளை எண்களா மெமரியிலை எழுதி வைச்சு, வாசிக்கேக்கை ஒண்டிலையிருந்து மற்றதுக்கு வழுக்கிப் போக வைச்சவர். பிறகு ஜப்பான்காரர் மலிவா விட, தாக்குப்பிடிக்கேலாமல் மூடிப்போட்டினம்."

ஒரு கட்டையை அழுத்தினார். கண்ணாடியில் தட்டியதுபோலத் தொடங்கிய ஒலி மனிதக் குரலாகி முடிந்தது. ஐந்து வருடங்களில் என்னிடம் எதையும் கேட்டிராத தபேலாக்காரர், "இன்னொருக்கா வாசியுங்கோ" என்றார். நான் என் கீபோட்டின் சத்தத்தைக் கூட்டினேன்.

தை மாதத்தில் பிறம்ரன் நகரில் ஒரு கலியாணம். வாத்தியங்களை முதல்நாளே என் வான் வண்டியில் ஏற்றிவிட்டோம்.

"உதைக் குளிருக்கை விடாதேங்கோ மச்சாள். இண்டைக்கே வீட்டுக்குள்ளை எடுத்து வையுங்கோ" என்றார் அண்ணாவின் மனைவி. அவரும் என்னை மச்சாள் என்றுதான் கூப்பிடுவார்.

"ஓம்" என்றேன். எடுத்து வைக்கவில்லை.

மறுநாள் மண்டபத்தில் அது மூக்கடைத்தவன் பேசுவதுபோல் ஒலித்தது. மச்சாள் முகப்பைத் தொட்டுப் பார்த்தார்.

"வானுக்கையே கிடந்ததோ?"

"மறந்துபோனன்."

சூடேறட்டும் என்று அவர் தன் குளிர்ச்சட்டையால் அதைப் போர்த்தி, மின்சாரம் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்தார். முதல் ஒரு மணித்தியாலமும் நான்தான் வாசித்தேன். சனம் தன்பாட்டில் கதைத்துக்கொண்டிருந்தது. பெண்ணை மணவறைக்குக் கூட்டி வந்த நேரம் சிந்தசைசர் சரியாகிவிட்டது. மச்சாள் வாசித்தார். சமையல்காரர்கள்கூட வாசலில் வந்து நின்றார்கள்.

திரும்பி வரும்போது வானில் நாங்கள் இருவர் மட்டும். நெடுஞ்சாலையில் ஏறியதும் அவர் சொன்னார்.

"நீங்கள் மறக்கேல்லை எண்டு தெரியும் மச்சாள்."

"ஓம், மறக்கேல்லை" என்றேன்.

"இனி நானே ஏத்தி இறக்கிறன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் சுட்டது.

அடுத்த ஒத்திகையில், வாசித்துப் பார்க்கும்படி எனக்கு இடம்விட்டு எழும்பினார். கைவலி என்று சொல்லிவிட்டேன். அவரைப்போல எனக்கு வராது என்பதை எல்லோர் முன்னாலும் காட்ட மனம் வரவில்லை.