தக்கைப் பட்டாளம்

சிராங்கூன் சாலையில், மாட்டுக் கொட்டகைகளுக்குப் பின்னால் ஒரு மாடியறையில் அப்போது தனியாகக் குடியிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை கிட்டங்கி வேலை கிடையாது. அறையில் பேச ஆளும் கிடையாது. எனக்கோ வாய் சும்மா இருக்காது.

துரை வீட்டு ஏலம் ஒன்றில் பெட்டி நிறைய ஈயப் பொம்மைச் சிப்பாய்களைப் பார்த்தேன், வாங்க வக்கில்லை. சாராயக் கடை வாசலில் புட்டித் தக்கைகளைப் பொறுக்கி வந்தேன். குண்டூசி குத்தினால் துப்பாக்கிக்காரன். இரண்டு தக்கையை ஒட்டினால் குதிரைக்காரன். ஒரு படைக்கு மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்த சிவப்பு, மற்றதற்கு அடுப்புக்கரி. தரையில் சாக்கட்டியால் ஆறு, குறுக்கே ஒரு பலகைத் துண்டு பாலம். கரைக்கொரு கொடி; எதிரி கொடியைப் பிடித்தால் ஜெயம். குண்டு பட்டதா இல்லையா என்று தாயக்கட்டை சொல்லும்.

கீழே பால்காரர் கேட்பார்: "என்ன தம்பி, இன்னிக்கு எந்த ராஜா செத்தாரு?"

"ரெண்டு ராஜாவும் நான்தாண்ணே."

அதுதான் சங்கடம். என்னை நானே எப்படி ஏமாற்றுவது?

பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் யாழ்ப்பாணத்துக் குமாஸ்தா ஒருவர் இருந்தார். ஒரு ஞாயிறு எட்டிப் பார்த்தவர், "கறுப்புப் படை ஏன் பாலத்தை விட்டிட்டு நிக்குது?" என்றார். செருப்பைக் கழற்றிவிட்டுக் கறுப்புப் படைப் பக்கம் உட்கார்ந்தே விட்டார். அவர் குதிரைகள் எங்கிருந்து பாயும் என்று எனக்குத் தெரியாது. அதற்காகவே வாரமெல்லாம் காத்திருந்தேன்.

மூன்று ஞாயிறும் அவரே தோற்றார். இனி வராமல் போய்விடுவாரோ என்று எனக்குப் பயம். நாலாவது ஞாயிறு, பாலத்தைக் காத்த என் ஆட்களை மெல்ல விலக்கினேன்.

பாலத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நீர் வேணுமெண்டு விடுறீர்."

"இல்லீங்க, கவனிக்கல."

"நான் என்ன சின்னப் பிள்ளையே?"

கையிலிருந்த குதிரையைத் தரையில் வைத்துவிட்டு எழுந்து போனார்.

அடுத்த ஞாயிறு கதவை விரியத் திறந்து, இரண்டு படையையும் அடுக்கி வைத்தேன். சுவருக்கப்பால் இருமல் கேட்டது. "உங்க ஆட்டங்க," என்றேன் சுவரைப் பார்த்து. இருமல் நின்றது. கொஞ்ச நேரத்தில் செருப்புச் சத்தம் என் வாசலைக் கடந்து படியிறங்கிப் போயிற்று.

அவருக்கும் சேர்த்து நானே தாயக்கட்டையை உருட்டினேன். பாலத்திலிருந்து ஓர் ஆளைக்கூட விலக்கவில்லை. அப்படியும் கறுப்புக் குதிரைகள் கடந்து வந்து என் கொடியைப் பிடித்துவிட்டன.

கீழே பால்காரர் குரல்: "தம்பி, இன்னிக்கு யாரு?"

"செவப்பு ராஜாதாண்ணே. ஜெயிச்சவரு வெளியில போயிருக்காரு."