ஏழாம் நம்பர் வேன் எங்கே?

போன நவம்பரில் ஒரு மதியம். ஆவடிப் பக்கம் ஒரு ரயில்வே சுரங்கப்பாதைக்கு முன்னால், முழங்கால் அளவு மழைத்தண்ணீரில் நின்றபடி, நான் எழுதிய அறிக்கையை ஒரு அம்மாவிடம் போனில் காட்டிக்கொண்டிருந்தேன். அவர் முகத்தைப் பார்த்த அந்த நொடியில்தான் எனக்கு உறைத்தது, நான் போட்ட திட்டம் முழுக்கப் பள்ளியின் பெயரைக் காப்பாற்றத்தான் என்று.

மக்கள் தொடர்பு படித்துவிட்டு அந்தத் தனியார் பள்ளியில் சேர்ந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. வெப்சைட், ஆண்டுவிழா அழைப்பிதழ், அட்மிஷன் நோட்டீஸ், இவைதான் வேலை. எனக்கு அது போதவில்லை. யாரும் கேட்காமலே நெருக்கடி நேரத்தில் பள்ளி எப்படிப் பேச வேண்டும் என்று இருபத்தாறு பக்கத் திட்டம் தயாரித்து, ஸ்பைரல் பைண்டிங் போட்டுத் தாளாளரிடம் கொடுத்தேன். அதில் எனக்கு மிகப் பிடித்த விதி, ஒரே குரல். தாளாளர் ஒப்புதல் தந்த அறிக்கை வெளியாகும்வரை வேறு யாரும் வாய் திறக்கக் கூடாது.

அன்று மழை வலுத்ததால் பள்ளியைச் சீக்கிரம் விட்டோம். ஒன்றேகால் மணிக்கு ஏழாம் நம்பர் வேன் டிரைவர் ஆபீசுக்குப் போன் செய்தார். சுரங்கப்பாதையில் தண்ணீர், வண்டியைத் திருப்பித் திருமுல்லைவாயில் அருகே ஒரு கல்யாண மண்டபத்தில் நிறுத்தியிருக்கிறேன், பதினான்கு பிள்ளைகளும் பத்திரம் என்றார். இதை நான் உடனே பெற்றோருக்குச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அறிக்கை எழுத உட்கார்ந்தேன்.

‘தண்ணீர்’ என்ற சொல் பயமுறுத்தும் என்று தாளாளர் அடித்தார். ‘மண்டபம்’ எதற்கு என்று நானே அடித்தேன். வரவேற்பறையில் போன் எடுக்கிற அக்காவுக்கு விஷயம் எல்லாம் தெரியும். ஆனால் என் விதிப்படி, கூப்பிட்ட அம்மாக்களிடம் எல்லாம் அறிக்கை வரும் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். நாற்பது நிமிடம் கழித்து, போக்குவரத்தில் சிறு தாமதம், பெற்றோர் பதற்றம் கொள்ள வேண்டாம் என்று எஸ்.எம்.எஸ். போனது. அதுவும் அட்மிஷன் படிவத்தில் இருந்த அப்பாக்களின் நம்பருக்கு. அந்த வேனில் வருகிற பாதிப் பிள்ளைகள் ராணுவத் தளவாடத் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் இருப்பவர்கள். அப்பாக்கள் போனைத் தொழிற்சாலை கேட்டில் ஒப்படைத்துவிட்டுத்தான் வேலைக்கு உள்ளே போவார்கள். என் அறிக்கை லாக்கருக்குள் போய்ச் சேர்ந்தது.

இதற்குள் அம்மாக்களின் வாட்ஸ்அப் குரூப்பில் ஜன்னல்வரை மூழ்கிய ஒரு வேனின் படம், சுரங்கப்பாதையில் மாட்டிய ஏழாம் நம்பர் என்று சுற்ற ஆரம்பித்தது. எந்த ஊரோ, எந்த வருஷமோ. அது நம் வேன் இல்லை என்று மறுப்பு வெளியிட, வேன் இல்லாத சுரங்கப்பாதையைப் படம் எடுக்கத்தான் நான் ஸ்கூட்டரில் கிளம்பினேன். போனால், தண்ணீருக்குள் ஒரு அம்மா இறங்கிப் போய்க்கொண்டிருந்தார். ஓரத்தில் நின்ற இரண்டு பேர் கூப்பிட்டும் திரும்பவில்லை. நானும் இறங்கிப் போய்க் கையைப் பிடித்தேன். என் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் பார்த்ததும் அதை அப்படியே பற்றிக்கொண்டு, ஏழாம் நம்பர் வேன் எங்கே என்றார்.

பழக்க தோஷம். அறிக்கையைக் காட்டினேன். அவர் நிதானமாகப் படித்தார்.

“பதற வேண்டாம்னு போட்ருக்கீங்க. பிள்ள எங்க இருக்கான்னு போடலயே, தங்கச்சி.”

மண்டபத்தில் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் போன் அடித்தது. வேனில் கூடவே வருகிற ஆயா. ஒவ்வொரு நிறுத்தமும் நெருங்கும்போது அந்த வீட்டு அம்மாவுக்கு மிஸ்டு கால் கொடுப்பது அவர் வழக்கம். அதனால் பதினான்கு அம்மாக்களின் நம்பரும் அவரிடம் உண்டு. என் இருபத்தாறு பக்கத்தில் நிருபர்கள் நம்பர்கூட இருந்தது. ஆயாவின் நம்பர் இல்லை.

“யக்கா, உன் புள்ள என் பக்கத்துலதான் குந்திகினு பன்னு துன்னுது. மண்டபத்துல கீறோம். மழ வுட்டதும் நானே ஊட்டாண்ட இட்டாறேன். இந்தா, பேசு.”

பையன் பேசினான். பன்னில் ஜாம் இல்லை என்று புகார். அந்த அம்மா சாலை நடுத்திட்டில் உட்கார்ந்து அழுதார். இவ்வளவு நேரம் ஆயாவைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு பிஸி என்றே வந்ததாம். ஆயா நிறுத்த வரிசைப்படி ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறார். இவர்கள் வீடு கடைசி நிறுத்தம்.

மறுநாள் ஆயாவிடம் நன்றி சொல்லப் போனேன். வேனைக் கழுவிக்கொண்டிருந்தவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“நீ படிச்ச பொண்ணு, எய்திகினு இருந்த. எனக்கு எய்த வராது, போன் போட்டுகினு இருந்தேன்” என்று சொல்லிவிட்டு, பக்கெட்டை என் கையில் கொடுத்துத் தண்ணீர் பிடித்துவரச் சொன்னார். பிடித்துவந்தேன்.

அந்த ஸ்பைரல் புத்தகத்தைத் தாளாளரிடமிருந்து திரும்ப வாங்கிவிட்டேன். இப்போது ஒரே ஒரு தாள்தான். எல்லா ஆயாக்கள் நம்பரும், அம்மாக்கள் நம்பரும், கடைசி நிறுத்தத்திலிருந்து பின்னோக்கிக் கூப்பிட இன்னொரு ஆளும் அதில் உண்டு. பிள்ளை எங்கே, யாருடன், எப்போது வரும் என்பதைச் சொல்ல யாருடைய ஒப்புதலும் தேவையில்லை என்று தாளாளரிடம் கையெழுத்து வாங்க இன்னும் போராடிக்கொண்டிருக்கிறேன். இந்த மழைக்காலத்துக்கு முன் ஒரு வெயில் நாளில் ஒத்திகை வைக்கப்போகிறோம். அன்று நான் ஆபீசில் இருக்கமாட்டேன். கடைசி நிறுத்தத்தில், அந்த அம்மாவின் பக்கத்தில், போன் எப்போது அடிக்கும் என்று காத்துக்கொண்டு நிற்கப்போகிறேன்.