சோதனையில் தேறிய பெட்டி

என்னுடைய அகதி மனு விசாரணைக்கு வர இரண்டு வருடத்துக்கு மேல் எடுத்தது. என்னுடைய பெட்டி விசாரணைக்கு வர ஒரு கிழமை, ஏழே நாள், போதுமாக இருந்தது. ஜெர்மனியில் எதற்கு அவசரப்படுவார்கள், எதற்கு ஆறுதலாக இருப்பார்கள் என்பதை அதிலிருந்து விளங்கிக்கொண்டேன்.

பெட்டி என்று நான் சொல்வது காருக்குப் பின்னால் கொளுவி இழுக்கிற, இரண்டு சில்லு வைத்த சாமானை. ஊரில் உழவு மெஷினுக்குப் பின்னால் போவதையும் நாங்கள் பெட்டி என்றுதான் சொல்வோம். ஜெர்மன்காரன் அதை அன்ஹெங்கர் என்பான். அதற்குத் தனி நம்பர் தகடு, தனிப் பதிவு, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை சோதனை. சோதனையில் தேறினால் நம்பர் தகட்டில் வட்டமாக ஒரு பிளக்கெற் ஒட்டுவார்கள். அது இல்லாமல் றோட்டில் இழுத்தால் பொலிஸ் மறிக்கும். அகதி மனு போட்டவனைப் பொலிஸ் மறிப்பது வேறு, மற்றவனை மறிப்பது வேறு.

பெட்டி எனக்கு ஏன் தேவைப்பட்டது என்றால், அந்தக் கோடையில்தான் என் மனைவியும் இரண்டு மகள்மாரும் கிழக்கு பெர்லின் வழியாக வந்து சேர்ந்திருந்தார்கள். வந்தவர்களை நாட்டின் மறுமூலையில் ஒரு முகாமில் வைத்திருந்தார்கள். அவர்களை என்னிடம் மாற்றித் தரச்சொல்லி அன்ட்ராக், அதாவது விண்ணப்பம், போட்டேன். அரசாங்கக் கந்தோரில் நல்லாகவே கதைத்தார்கள். வீடு பார்க்கக் கந்தோரிலிருந்து ஒரு அம்மா வருவா, ஆளுக்கொரு கட்டில் இருக்க வேணும், இருந்து சாப்பிட மேசை வேணும், உடுப்பு வைக்க அலுமாரி வேணும். அவ்வளவும் இருந்தால் அடுத்த கிழமையே பிள்ளைகள் வரலாம்.

அப்போது நான் ஹைம் என்கிற அகதி விடுதியை விட்டு, ஒரு பேக்கரிக்கு மேலே இரண்டு அறை வீட்டுக்கு வந்திருந்தேன். என்னிடம் ஒரு மெத்தையும் மூன்று அடுக்குப் புத்தகங்களும் இருந்தன. புத்தகத்தை அந்த நாட்டில் தளபாடமாகக் கணக்கெடுப்பதில்லை. விசாரித்துப் பார்த்தேன்.

வேலை செய்ய எங்களுக்கு அனுமதி இல்லை. ஆகவே தளபாடம் வாங்குகிற கதையும் இல்லை. ஆனால் ஸ்பெர்முல் என்று ஒன்று இருந்தது. வருடத்தில் சில நாட்களில் சனம் தங்களுக்கு வேண்டாத கட்டில், கதிரை, அலுமாரி எல்லாவற்றையும் றோட்டோரம் கொண்டுவந்து வைக்கும். அடுத்தநாள் காலை நகரசபை லொறி வந்து அள்ளிக்கொண்டு போகும். இடையில் யாரும் எதையும் எடுக்கலாம், ஒருவரும் கேட்கமாட்டார்கள். எங்கள் ஆட்களில் பாதிப்பேரின் வீடு அப்படித்தான் நிரம்பியது. டொக்டர்மாரும் வக்கீல்மாரும் இருக்கிற மேட்டுப்பக்கத் தெருக்களுக்கு ஸ்பெர்முல் நாள், வீடு பார்க்க அந்த அம்மா வருவதற்கு இரண்டு நாள் முந்தி விழுந்தது. கடவுள் எனக்காக ஒருமுறை கலண்டர் பார்த்திருக்கிறார் என்று நினைத்தேன்.

கட்டிலை பஸ்ஸில் ஏற்ற ஏலாது. பேக்கரிக்காரரின் பின்வளவில் ஒரு பழைய பெட்டி கிடந்தது. சில்லைச் சுற்றிப் புல், உள்ளே மழைத்தண்ணீர், பிளக்கெற் காலாவதி. கேட்டேன். "கொண்டு போங்கோ, எனக்கு இடம் மிச்சம்" என்கிற மாதிரி அவர் கையை விசுக்கினார்.

இனி நண்பன். அவனும் நானும் கிழக்கு பெர்லின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் ஒரே விமானத்தால் இறங்கியவர்கள். முதல் குளிருக்கு இரண்டு பேருக்கும் ஒரு கோட்டுத்தான். அவன் வெளியே போனால் நான் உள்ளே இருப்பேன். அவன் ஒரு கார் திருத்துகிற இடத்தில் சும்மா உதவி செய்துகொண்டிருந்தான். அந்தச் சும்மாவுக்குள்ளே ஒரு பழைய காரும், அதன் பின்னால் பெட்டி கொளுவுகிற கொக்கியும், லைசென்சும் அவனுக்கு வந்து சேர்ந்திருந்தன.

"மச்சான், நீ ஒண்டுக்கும் யோசியாதை," என்றான். "பெட்டியை என்ர பேரில பதிவம். உன்னட்டை லைசென்சும் இல்லை, காரும் இல்லை. இன்சூரன்ஸ்காரன் உன்னைக் கண்டா ஓடிப்போவான். பேர் என்ர, பெட்டி உன்ர."

நான் வாசித்த நாவல்களில் பாதி, காணி உறுதியை நம்பி மற்றவன் பேரில் எழுதிக் கெட்டவர்களின் கதை. ஆனால் வாசிப்பு வேறு, மச்சான் வேறு.

சோதனைக்கு முதல்நாள் நாங்கள் செய்ததை இன்றைக்கும் எந்த ஜெர்மன்காரனுக்கும் விளங்கப்படுத்த முடிவதில்லை. எங்கள் ஊரில் ஒரு வாகனத்தைச் சோதனைக்குக் கொண்டுபோவதென்றால், பெண் பார்க்க வருகிற வீட்டைப்போல அதைத் தயார்பண்ண வேண்டும். கழுவி, துடைத்து, அடிச்சட்டத்துக்குக் கறுப்புப் பெயின்ற் அடித்து, பளபளவென்று நிறுத்தினால்தான் பார்க்க வருகிறவருக்கு மரியாதை. பெயின்ற் அடிக்கிற யோசனை அவனுடையது. அடித்தது நான். அடிச்சட்டம், அச்சு, கொளுவி, முன்பக்கம் ஆணியடித்திருந்த சின்னத் தகடு, ஒன்றையும் விடவில்லை. பின்னால் இருந்த இரண்டு சிவப்பு முக்கோணங்களிலும் கொஞ்சம் பட்டுவிட்டது.

சோதனை செய்தவர் உயரமான, கதை குறைந்த மனிதர். பெட்டியைக் கண்டதும் முகம் மலரும் என்று எதிர்பார்த்தேன். அவர் குனிந்து மணந்து பார்த்தார். விரலால் தொட்டார். விரல் கறுத்தது. பிறகு சட்டைப்பையிலிருந்து ஒரு சின்னச் சுத்தியலை எடுத்தார். பெயின்ற் எங்கெல்லாம் தடிப்பாக இருந்ததோ அங்கெல்லாம் தேடித்தேடித் தட்டினார். குறுக்குச்சட்டத்தில் சுத்தியல் உள்ளே போய் மற்றப்பக்கத்தால் எட்டிப்பார்த்தது.

"புதுப் பெயின்ற்," என்றார். "எதை மறைக்கிறீர்கள்?"

"ஒன்றையும் மறைக்கவில்லை. உங்களுக்காக அடித்தது," என்றேன். என் ஜெர்மன் அப்போது அவ்வளவுதான். அதை அவர் லஞ்சம் கொடுப்பதுபோல விளங்கிக்கொண்டார் போலிருக்கிறது, முகம் இன்னும் இறுகியது.

"சட்ட நம்பர் எங்கே?"

அது கறுப்புக்குக் கீழே இருந்தது. தகட்டில் இருந்த நிறைக் கணக்கும் அப்படித்தான்.

அப்போது நண்பன், என்னைவிட நல்ல ஜெர்மனில், அமைதியாகச் சொன்னான்: "இவர்தான் அடித்தவர். நான் வேண்டாம் என்று சொன்னேன்."

நான் அவனைப் பார்த்தேன். அவன் சுத்தியலைப் பார்த்துக்கொண்டிருந்தான். வெளியே வந்ததும் கேட்டேன்.

"என்னடா அப்பிடிச் சொன்னனி?"

"பெட்டி என்ர பேரில நிக்குது மச்சான். என்ர பேர் கெட்டா ஆருக்கு நட்டம்? உனக்குத்தானே."

அதில் ஒரு நியாயம் இருப்பதுபோலத்தான் பட்டது. எனக்கு எப்போதும் மற்றவர்களின் நியாயம் உடனே பட்டுவிடும்.

அதற்குப் பிறகு நான் செய்த வேலையை என் தகப்பன் கண்டிருந்தால் நான் படித்ததற்காக அழுதிருப்பார். கம்பித் தூரிகையும் அரத்தாளும் வைத்து, அடித்த பெயின்ற் முழுவதையும் சுரண்டினேன். சட்ட நம்பரை ஒரு பல் துலக்கும் பிரஷால் மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்த்துக் கண்டுபிடித்தேன். கல்வெட்டு வாசிக்கிறவனுக்குக்கூட அவ்வளவு சந்தோஷம் இருந்திராது. நண்பன் மாலையில் வந்து, குறுக்குச்சட்டத்துக்குப் புது இரும்பு ஒட்டினான், வயர் மாற்றினான், ரயர் கொண்டுவந்தான். கெட்டிக்காரன். அதை நான் மறுக்கவில்லை. பக்கத்தில் நின்று விளக்குப் பிடித்தபடி, பிள்ளைகள் எந்தப் பள்ளிக்கூடம் போவார்கள், மேல்கட்டிலில் யார் படுப்பார்கள் என்றெல்லாம் அவனிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். "மூத்தவளை மேல விடு, சின்னவள் உருண்டு விழுவாள்" என்றான் அவனும்.

இரண்டாம் முறை அதே மனிதர், அதே சுத்தியல். தட்டினார், ஒன்றும் உள்ளே போகவில்லை. லைற் போட்டுப் பார்த்தார். கொளுவியை ஆட்டிப் பார்த்தார். முக்கோணங்களைத் துடைத்துப் பார்த்தார். பிறகு பிளக்கெற்றை எடுத்து ஒட்டி, பெருவிரலால் அழுத்தினார். ஜெர்மனியில் என் பேரில், இல்லை, அவன் பேரில், முதல்முதலாக ஒரு விஷயம் தேறியது. கை கொடுத்துவிட்டு வெளியே வந்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு பெட்டிக்காக அழுதவன் என்று அவன் பிறகு பலபேரிடம் சொல்லிச் சிரித்ததாகக் கேள்வி.

ஸ்பெர்முல் நாள் வந்தது. நான் முன்னதாக நடந்துபோய் சாமான் பிடித்து வைப்பது, அவன் வேலை முடிந்து பின்னேரம் பெட்டியோடு வருவது என்று பேச்சு.

மேட்டுப்பக்கம் மாளிகை மாளிகையாகச் சாமானை வெளியே வைத்திருந்தார்கள். ஒரு டொக்டர் வீட்டு வாசலில் இரண்டுதட்டுக் கட்டில் ஒன்று, ஏணியோடு, பிள்ளைகள் ஒட்டிய ஸ்டிக்கர்களோடு நின்றது. பக்கத்தில் ஒரு சாப்பாட்டு மேசை, ஒரு கண்ணாடி அலுமாரி, ஒரு பெரிய சோபா. அரசாங்கம் கேட்ட முழுவதும் ஒரே வாசலில். நான் சோபாவில் உட்கார்ந்து காவல் இருந்தேன். அந்தத் தெருவால் போனவர்கள் என்னையும் சேர்த்துத்தான் வெளியே வைத்திருக்கிறார்களோ என்று பார்த்துக்கொண்டு போனார்கள்.

பின்னேரம் வந்தது, அவன் வரவில்லை. மழை வந்தது. ஒரு துருக்கிக் குடும்பம் ஒரு வான் வண்டியில் வந்து, மேசையைக் காட்டி, "உங்களுடையதா?" என்று கேட்டது. "ஓம், எங்கட சிநேகிதர் வாறார்," என்றேன். அவர்கள் ஒரு சுற்றுச் சுற்றி வந்து திரும்பவும் கேட்டார்கள். அந்த மனிதர் இரக்கமாகச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு மேசையைக் கொடுத்துவிட்டேன். பொழுது படத்தொடங்கியதும் தெருமுனைப் போன் பூத்திலிருந்து அவன் வீட்டுக்கு அடித்தேன். கூட இருந்த பொடியன் சொன்னான்: "அண்ணை பெட்டியையும் கொண்டு காலமையே வெளிக்கிட்டிட்டாரே. உங்களிட்டைச் சொல்லேல்லையோ?"

ஒரு கதிரையைத் தலையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். விடிந்ததும் திரும்பப் போனேன். லொறி அந்த வாசலில்தான் நின்றது. கட்டிலை இரண்டு பேர் தூக்கி உள்ளே போட்டார்கள். லொறி வாயை மூடிக் கடித்தது. ஏணி கடைசியாகப் போனது.

அன்று மதியம் ஸ்டேஷனுக்குப் பின்னால் என் பெட்டியைக் கண்டேன். நாங்கள் இருந்த நகரத்துக்கு முதல்முதலாக ஒரு தமிழ்க்கடை திறக்கப்போகிறது என்று எல்லோரும் கதைத்துக்கொண்டிருந்த இடம் அது. பெட்டியிலிருந்து அரிசிச்சாக்கு இறங்கிக்கொண்டிருந்தது. கடைக்காரர் என்னைக் கண்டதும் வாய் நிறையச் சிரித்தார்.

"வாங்கோ, வாங்கோ! நீங்கள்தானே இதுக்குப் பாடுபட்ட ஆள். உங்கட சிநேகிதர் ஆவணி மாசமே சொன்னவர், பெட்டி சோதனை முடியட்டும், சாமான் ஏத்திறது என்ர பொறுப்பு எண்டு. இப்ப அவரும் கடையில பங்குதானே. ஹாம்பேர்க்குக்குப் போய் வந்த முதல் லோட் இது. ஒரு தேத்தண்ணி குடியுங்கோ."

ஆவணி மாதம் நாங்கள் இன்னும் பெயின்ற்கூட அடிக்கவில்லை.

அவன் உள்ளேயிருந்து ஒரு சாக்கைத் தோளில் வைத்தபடி வந்தான். என்னைக் கண்டதும் சாக்கை இறக்கவில்லை.

"மச்சான், கப்பல் சாமான், அதே நாள்தான் எடுக்கச் சொன்னவங்கள். நான் என்ன செய்ய?"

"ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே. நான் மழைக்குள்ள இருந்தனான்."

"சொன்னா நீ விட்டிருப்பியோ?"

"அது என்ர பெட்டியடா."

அவன் கடைக்காரரை ஒருமுறை பார்த்தான். பிறகு, மற்றவர்கள் முன்னால் பிள்ளைக்குச் சொல்வதுபோல, மெதுவாகச் சொன்னான்: "இஞ்சை எல்லாம் பேப்பர்தானே மச்சான். பேப்பர் என்ன சொல்லுது எண்டு உனக்குத் தெரியும்."

நான் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுத்தான் வந்தேன். ஊற்றித் தந்துவிட்டார்கள்.

அடுத்தநாள் அந்த அம்மா வந்தா. ஒரு மெத்தை, ஒரு கதிரை, மூன்று அடுக்குப் புத்தகம். கதிரையில் அவவை இருத்திவிட்டு நான் நின்றேன். நல்ல மனுசி. "இன்னும் கொஞ்சக் காலம் எடுங்கள்," என்று சொல்லி, திரும்பவும் வரச் சம்மதித்துவிட்டுப் போனா.

முகாமின் நடைவழியில் இருந்த போனுக்கு அடித்து மனைவியைக் கூப்பிட்டேன். நடந்த முழுவதையும் சொன்னேன்.

"அவரோ?" என்றாள். "இருக்காது. நீங்கள் நேரத்தைப் பிழையாச் சொல்லியிருப்பியள். உங்களுக்கு எப்பவும் அந்தப் பழக்கம் இருக்குத்தானே. அவரைப் பற்றி நீங்கள் எழுதின கடிதமெல்லாம் இன்னும் என்னட்டை இருக்கு."

இரண்டு வருடமாக நான்தான் எழுதியிருந்தேன். கோட்டைக் கழற்றித் தந்தவன், காய்ச்சலுக்குக் கஞ்சி வைத்தவன், கூடப்பிறந்தவன்கூட இப்படி இல்லை என்று. ஒவ்வொன்றும் உண்மைதான். எழுத்தை நம்பியே வாழ்ந்தவனுக்கு என் எழுத்தே எதிராகச் சாட்சி சொன்னது. "சின்னவள் பக்கத்தில நிக்கிறாள், கட்டில் வந்திட்டுதோ எண்டு கேக்கிறாள்," என்றாள். "வருது," என்றேன்.

பிறகு கட்டில் வந்தது. ஒரு தள்ளுவண்டியைக் கடன் வாங்கி, வேறு தெருக்களின் ஸ்பெர்முல்லில் பலகை பலகையாக, நடந்தே சேர்த்தேன். மரமெல்லாம் இலை கொட்டி முடிந்த பிறகுதான் அந்த அம்மா இரண்டாம் முறை வந்து தலையாட்டினா.

அவர்கள் வருகிற நாள் நான் ஸ்டேஷனுக்கு நேரத்தோடு போனேன். எனக்கு முதலே அவன் அங்கே நின்றான். மனைவி அவனுக்கும் கடிதம் போட்டிருந்தாள். ரயில் வந்தது. சின்னவள் என்னை அடையாளம் பிடிக்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. அவன் இரண்டு கையிலும் சூட்கேசுகளைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தான்.

"அண்ணை, நீங்கள் இல்லாட்டி இந்த மனுசன் இஞ்சை தனிய என்ன செய்திருக்கும்," என்றாள் மனைவி.

"அதெல்லாம் என்ன தங்கச்சி," என்றான்.

காரின் டிக்கிக்குள் கடை அரிசி. சூட்கேசுகளைப் பின்சீற்றில் வைத்தான், அவற்றுக்குப் பக்கத்தில் பிள்ளைகள் நெருங்கி இருந்தார்கள், மனைவி முன்னுக்கு ஏறினாள். கதவைச் சாத்திவிட்டு அவன் என்னைப் பார்த்தான்.

"இடமில்லை மச்சான். நீ பஸ்ஸில வாவன்."

நான் பஸ்ஸில் போனேன்.