வாத்துகளை விரட்டிய காலை

வலசைப் பறவைகளுக்காக ஏரியில் தன்னார்வலர்களாகச் சேர்ந்த நாங்கள், இன்று காலை அவற்றைக் கத்தி விரட்டினோம்.

வேறு வழியில்லை. தேவிகாபுரம் போகும் வழியில் உள்ள எங்கள் ஏரியில், யாரோ விட்டுப்போன மீன்வலை ஒன்று நடுத்தண்ணீர் வரை விரிந்து கிடந்தது. பட்டுத்தறி வைத்திருக்கும் தணிகாசலம் அண்ணன் கரையோரம் இறங்கி அதை இழுக்க ஆரம்பித்தார். அப்போது பார்த்து, இந்த வருடத்தின் முதல் ஊசிவால் வாத்துக் கூட்டம் வட்டமடித்து, வலையின் மறுமுனையில் இறங்கப் பார்த்தது.

“ஜல்தியா எதுனா தட்டுங்க மேடம்! எறங்கிச்சின்னா கால் மாட்டிக்கும்!” என்று அண்ணன் அலறினார்.

நான் டிபன் பாக்ஸ் மூடியைத் தட்டினேன். கூட வந்த மேரி டீச்சர் துண்டை வீசிக் கத்தினார். வாத்துகள் மலைப்பக்கம் போயே போய்விட்டன.

“இத்தினி நாளா வழி பாத்துகினு இருந்தோமே, இனிமே வருமா?” என்றார் டீச்சர்.

மூவரும் சேர்ந்து வலையைக் கரைசேர்த்தோம்.

கை கழுவிவிட்டு டீ ஊற்றும்போது பின்னால் சளசளவென்று சத்தம். திரும்பினால் மொத்தக் கூட்டமும் தண்ணீரில்! டீச்சர் கைகூப்பி அழுதேவிட்டார்.

“கொஞ்ச நேரத்துல பேஜார் பண்ணிட்ச்சிங்க” என்று அண்ணன் சிரித்தார்.

வந்த விருந்தாளியை வாசலிலேயே விரட்டிவிட்டு, திரும்பி வந்ததற்காகச் சாமி கும்பிட்டவர்கள் இங்கே வேறு யாராவது உண்டா?