எத்தனை ஓம்?

"எத்தினி ஓம்மா?"

போன மாதம் ரிச்சி தெருவில், ஹெட்போன் ஆம்ப் கேட்டுப் போன என்னிடம் கடைக்காரர் கேட்ட முதல் கேள்வி இது.

பாட்டுச் சாமான் விற்கிற இடத்தில் ஓம் எதற்கு? எனக்குப் புரியவில்லை. ஆனால் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் நிற்பது மரியாதையா? தொண்டைக்குள்ளிருந்து மெல்ல எடுத்துச் சொன்னேன்.

"நூத்தியெட்டு."

கடையில் இருந்த மூன்று பேரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். நெற்றியில் கண்ணாடியை ஏற்றி வைத்திருந்த கடைக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். "தாயே, இது ஆம்ப் கடை. மந்திரம் சொல்ற பொட்டி கோயில் வாசல்ல விப்பாங்க. அங்க போம்மா. காது மிஷினுன்னா அடுத்த சந்து."

வந்துவிட்டேன். வேறென்ன செய்வேன்? என்னைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்குத் தெரியும். ஆட்டோவில் 'இங்கேயே நிறுத்துங்க' என்று சொல்லக் கூச்சப்பட்டு, இரண்டு தெரு தள்ளி இறங்கித் திரும்பி நடக்கிற ஆள் நான்.

இந்த வயதில் உனக்கு எதற்கு ஆம்ப் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

என் தம்பி பெண் ரேவதி ஒரு ரெக்கார்டிங் ஸ்டுடியோவில் வேலை பார்த்தாள். பெங்களூருக்கு மாற்றலாகிப் போகும்போது, "அத்தை, இத நீங்க வச்சுக்குங்க. பழைய பாட்டெல்லாம் கேளுங்க" என்று தன்னுடைய பெரிய ஹெட்போனை என் மடியில் வைத்துவிட்டுப் போனாள். காதை முழுசாக மூடுகிற, மெத்தை வைத்த ஹெட்போன். என் போனில் செருகினேன். பாட்டு வந்தது... பக்கத்து பிளாட்டில் பாடுகிற மாதிரி.

"சத்தமே வரலியேடா" என்று என் மகன் சேகரிடம் சொன்னேன். அதுதான் நான் செய்த தப்பு.

அவன் போனை வாங்கிப் பார்த்தான். ஹெட்போனை வாங்கிப் பார்க்கவில்லை. "ஃபுல் வால்யூம்ல இருக்கும்மா. உனக்குக் காது மந்தமாயிடுச்சு" என்றான்.

அவ்வளவுதான், தீர்ப்பு எழுதியாகிவிட்டது. அன்றிலிருந்து மந்தைவெளியில் எங்கள் வீட்டில் எல்லோரும் என்னிடம் கத்த ஆரம்பித்தார்கள். மருமகள் உமா, "அத்தேஏஏ! காப்பீஈஈ!" என்பாள், கையில் டம்ளரை வைத்துக்கொண்டே. கீழ் வீட்டுக்காரர் படியில் பார்த்தால் சைகை காட்டுகிறார். சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போயிற்று. 'அம்மாவுக்குக் காது போச்சு.' அதுவும் எப்படி? என் பக்கத்தில் உட்கார்ந்து, மெல்லிய குரலில்! எனக்குக் கேட்காது என்கிற தைரியம்.

எல்லாம் கேட்டது. ஒரு வார்த்தை விடாமல் கேட்டது.

காது டெஸ்டுக்கு நான் எதிரி இல்லை. வயதானால் காது மந்தமாகும், பார்க்க வேண்டியதுதான். ஆனால் பார்க்காமலே தீர்ப்பா? 'நீ ஒரு தடவை போட்டுப் பாருடா.' இந்த ஒரு வரியை என்னால் சொல்ல முடியவில்லை. இரண்டு வாரம் தள்ளி ஒரு சனிக்கிழமை காலைக்கு டாக்டரிடம் டோக்கன் வாங்கிவிட்டான்.

எனக்குக் கோபம் வந்தது. என் கோபம் சத்தம் போடாது. பேசாமல் ரேவதிக்கு போன் பண்ணிக் கேட்டேன்.

அவள், "ஐயோ அத்தை, அது போன்ல ஓடாது. சத்தத்தத் தூக்கிக் குடுக்குற ஆம்ப் வேணும்" என்றாள். அதை நம்பித்தான் ரிச்சி தெருவுக்குப் போய் நூற்றியெட்டு ஓம் சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து ஹெட்போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். உள்பக்கம் பொடி எழுத்தில் 300 என்று போட்டு, பக்கத்தில் குதிரை லாடம் மாதிரி ஒரு குறி. ஐந்தாம் வகுப்போடு நின்றவளுக்கு லாடம் லாடமாகத்தான் தெரியும். போனில் தமிழில் பேசுகிறவர்களின் வீடியோக்களை ஒரு வாரம் பார்த்தேன். புரியாத இடத்தில் நிறுத்தி, மறுபடி ஓடவிட்டு...

அந்த லாடத்தின் பெயர்தான் ஓம். ஹெட்போன் மின்சாரத்துக்கு எவ்வளவு முரண்டு பிடிக்கும் என்கிற அளவு. என்னுடையது முன்னூறு. சாதாரண ஹெட்போன் முப்பது, நாற்பதுதான். மேம்பாலம் ஏற முடியாமல் திணறுகிற மூன்று சக்கர மீன்பாடி வண்டியை, பின்னால் பைக்கில் வருகிறவர் காலால் உந்தித் தள்ளுவாரே... ஆம்ப் அந்தக் கால்தான். நானும் ஏதோ பெரிய ரகசியம் என்று நினைத்திருந்தேன்!

புதன்கிழமை மறுபடி பறக்கும் ரயில் ஏறினேன். சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கி, அதே கடைக்கு நடந்தேன். வேறு கடைக்குப் போயிருக்கலாம். போகவில்லை. சிரித்த கடையிலேயே வாங்க வேண்டும்.

"வாங்க வாங்க, நூத்தியெட்டு!" என்றார் கண்ணாடிக்காரர்.

"முன்னூறு" என்றேன்.

அவருடைய கண்ணாடி நெற்றியிலிருந்து மூக்குக்கு இறங்கியது.

பளபளவென்று ஒன்றை எடுத்து வைத்தார். "இத்த பாரும்மா. பேஸ் பூஸ்ட் கீது, புளூடூத் கீது, கலர் கலரா லைட்டு கீது. அல்லாம் கீது."

"பாட்டு போடாம கேக்கணும்" என்றேன்.

"பாட்டு போடாமயா? இன்னாத்த கேப்ப?"

"ஒண்ணும் இல்லாதத."

பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துக் கண் சிமிட்டினார். சிமிட்டட்டும். மஞ்சள் பையிலிருந்து என் ஹெட்போனை எடுத்துச் செருகி, வீடியோவில் சொன்னபடி பாட்டே இல்லாமல் வால்யூம் குமிழை முழுசாகத் திருகினேன். 'ஸ்ஸ்ஸ்...' விசில் வருவதற்கு முன் குக்கர் பண்ணுகிற சத்தம். கழற்றி வைத்துவிட்டேன். சும்மா இருக்கும்போதே சத்தம் போடுகிறவர்களோடு எனக்கு ஒத்துவராது. வீட்டில் அந்த மாதிரி ஆட்கள் போதும்.

இரண்டாவதும் சீறியது. மூன்றாவது, சோப்புப் பெட்டி அளவில் கறுப்பாக, முன்னால் ஒரே ஒரு உருண்டைக் குமிழோடு இருந்தது. லைட் ஒன்றுதான், அதுவும் கடுகு அளவு. முழுசாகத் திருகினேன். ஒன்றும் இல்லை. நல்ல, கனமான ஒன்றும் இல்லை. குமிழைக் குறைத்துவிட்டு, போனில் ஐம்பது வருஷமாகக் கேட்கிற ஒரு சினிமாப் பாட்டைப் போட்டேன்.

சரணத்துக்கு முன்னால் வாத்தியமெல்லாம் நிற்கிற இடத்தில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். பாடகர் இல்லை. பின்னால் வயலின் வரிசையில் யாரோ ஒருவர். மெல்ல, யாருக்கும் தொந்தரவு இல்லாமல், மன்னிப்புக் கேட்கிற மாதிரி. இத்தனை வருஷமாக அங்கேயே இருந்திருக்கிறார்! யாரும் கேட்கவில்லை.

எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ தெரியாது. ஆம்ப்பைக் கழற்றினேன், ஹெட்போனை நேராக போனில் செருகினேன், கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் நீட்டினேன்.

"நீங்க ஒரு தடவை போட்டுப் பாருங்க."

போட்டுக்கொண்டார். முகம் சுருங்கியது. "கம்மியாத்தான் கீது. போன்ல தெம்பு பத்தலம்மா."

"என் காது?"

"உன் காதுக்கு இன்னா? எனக்கே கேக்கல!"

"அதக் கொஞ்சம் பில்லுல எழுதிக் குடுக்கிறீங்களா?"

சிரித்தார். ஆனால் இந்தத் தடவை சிரிப்பு வேறு மாதிரி. அந்தக் கறுப்பு ஆம்ப்புக்குப் போட்ட பில்லின் பின்பக்கம் நிஜமாகவே எழுதினார். 'காது ஓகே. போன் வீக்.' கீழே ஒரு கையெழுத்து வேறு.

முதல் ஆம்ப் வாங்கப் போகிறவர்கள் என்னிடம் கேட்டால் சொல்வேன். உங்கள் ஹெட்போனைக் கையோடு எடுத்துப் போங்கள். லாடத்துக்குப் பக்கத்தில் என்ன எண் என்று பாருங்கள். வால்யூம் குமிழை முதலில் குறைத்து வைத்துவிட்டு அப்புறம் காதில் மாட்டுங்கள். பாட்டைக் கடைசியில் கேட்டால் போதும். யாராவது சிரித்தால் அங்கேயே நில்லுங்கள். நான் முதல் நாள் ஓடி வந்தது தப்பு.

சனிக்கிழமை காலை சேகர் சட்டை மாட்டிக்கொண்டு வந்து நின்றான். "அம்மாஆஆ! கெளம்பலாமாஆஆ?"

பில் என் பர்ஸில்தான் இருந்தது. நீட்டினால் 'கடைக்காரன் சொல்றதெல்லாம் ஒரு சாட்சியா' என்பான். அதனால் நீட்டவில்லை. ஹெட்போனை வெறும் போனில் செருகி, எட்டி, அவன் தலையில் மாட்டிவிட்டேன். பாட்டைப் போட்டேன். ஃபுல் வால்யூம்.

"கேக்குதா?"

"என்னம்மா இது, சத்தமே வரலியே..."

உமா அடுப்பங்கரையிலிருந்து எட்டிப் பார்த்தாள். பார்த்துவிட்டு, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

நான் அவன் காதருகில் போய், அவன் எனக்குச் செய்த மாதிரியே நீட்டி முழக்கிச் சொன்னேன். "காது மந்தமாயிடுச்சுடாஆஆ!"

டாக்டர் டோக்கனை வீணாக்குவானேன்... பெயரை மட்டும் மாற்றி அவனை அனுப்பி வைத்தேன்.