தபசுக் காலத்தில் டோரிஸ் பாடிய பாட்டு

ரயில்வே கார்டு கிரிகரியின் மகள் டோரிஸை எல்லாரும் புகழ்கிறார்கள். ஜாஸ் பாடினாள், சினிமாவில் நடித்தாள். சரி. ஆனால் எங்கள் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் முதன்முதலில் ஜாஸ் பாடியது யார்? நான்தான். எனக்குப் பள்ளிக்கூடம் இரண்டாம் வகுப்போடு சரி. துரை வீட்டில் பிள்ளை பார்த்தபோது கிராமபோன் கேட்டே இங்கிலீஷ் பாட்டெல்லாம் பிடித்தேன். டோரிஸ் கான்வென்டில் படித்தவள். உச்சரிப்பு சும்மா வந்தது. அதைப் பார்த்துத்தான் டான்ஸ் ஹாலில் அவளைப் பாட வைத்தார்கள். அவளுக்குச் சளி பிடித்தால்தான் என்னைக் கூப்பிடுவார்கள். அவளுக்கோ சளியே பிடிக்காது.

முப்பத்தாறாம் வருஷம் தபசுக் காலம் வந்தது. ஈஸ்டர் வரை ஆட்டம் பாட்டம் கூடாது என்பது எங்கள் வேதக்காரர் வழக்கம். டோரிஸ் ஹாலுக்குப் போகவில்லை. அந்த நேரம் பார்த்துச் சிங்கப்பூரிலிருந்து படக் கம்பெனி முதலாளி ஜெயராஜ் வந்தார். இங்கிலீஷ் பாட்டும் பாடி, தமிழில் அழவும் தெரிந்த பெண் வேண்டுமாம். எனக்கென்றே வந்த வேலை அது.

டோரிஸிடம் போய், "படக்காரரு வந்திருக்காராம்லா. நீ வரலியா?" என்றேன்.

"ஆண்டவர் பாடுபட்ட காலத்துல அங்க நின்னு பாடச் சொல்றியா? நீ போய்ப் பாடு, சூசன்."

"நான் போனா சான்ஸு எனக்குல்ல வந்துடும்."

"வரட்டும்டி."

வரட்டும் என்றாளே, அந்தத் திமிர்தான் எனக்கு ஆகாது.

போய்ப் பாடினேன். ஹாலே கைதட்டியது. ஜெயராஜ் மட்டும், "நல்லா இருக்கும்மா. அப்புறம் சொல்றேன்," என்று எழுந்து போனார். அவரும் வேதக்காரர் என்று எனக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை ஜெபத்துக்கு எங்கள் கோவிலுக்கே வந்துவிட்டார். மாதாவின் துயரத்தைச் சொல்லும் வியாகுலப் பாட்டை டோரிஸ் எடுத்தாள். நாங்கள் பின்பாட்டு. என் குரல்தான் பெரிது. ஆனாலும் மனுஷர் அவளையே பார்த்து அழுதுகொண்டிருந்தார்.

"முன்னால பாடின பொண்ணு யாரும்மா?" என்று வாசலில் என்னிடமே கேட்டார்.

நான் வாயைத் திறக்குமுன் பக்கத்திலிருந்த நல்லம்மாள், "அதுவா? டான்ஸ் ஹால்ல இங்கிலீஷ் பாட்டு பாடுற பொண்ணு சார்!" என்று கொட்டிவிட்டாள்.

ஈஸ்டர் முடிந்ததும் டோரிஸ் சிங்கப்பூர் ரயில் ஏறினாள். இரண்டு படம் நடித்தாள். பிறகு பினாங்கு, ஈப்போ என்று ஊர் ஊராக ஜாஸ். நான் கிள்ளானில் சாப்பாட்டுக்கடை போட்டேன். ஒரு கடையை மூன்று கடையாக்கினேன். அதற்கு யாரும் கைதட்டவில்லை.

அவளுடைய முதல் படம் கிள்ளானுக்கு வந்தபோது என் வீட்டுக்காரர் இக்னேஷியஸோடு போனேன். படத்தில் செத்த அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து டோரிஸ் பாடுகிறாள். கொட்டகையே மூக்கைச் சிந்தியது. திரும்பிப் பார்த்தால் இவரும்.

"ஏங்க, நான் பாடினப்ப ஒரு நாளாச்சும் இப்படி அழுதிருக்கீங்களா?"

"நீ பாடினா கைதட்டத்தான் தோணும், சூசன். சும்மா இரு, பாட்டு போகுது."

எழுந்து போயிருப்பேன். பாட்டு முடியட்டும் என்றுதான் உட்கார்ந்திருந்தேன். மூன்றாவது அடியில் டோரிஸ் மூச்சு வாங்கினாள். யாரும் கவனிக்கவில்லை. அந்த இடத்தில் நான் மூச்சு வாங்கியிருக்க மாட்டேன்.